தலையில் அடிபட்ட பிள்ளை பாடசாலைக்குத் திரும்பும்போது

மூளையதிர்வுக்கு மருந்து இல்லை. ஊசி இல்லை, சத்திரசிகிச்சை இல்லை, வழமையான ஸ்கானில் அது தெரிவதும் இல்லை. அடிபட்ட பிறகு வரும் நாட்களை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் பிள்ளை சுகப்படுவது பெரும்பாலும் தங்கியிருக்கிறது. அந்த நாட்களில் வைத்தியர் பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடம். ஆசிரியர் பார்ப்பது ஆறு மணித்தியாலம். மீதி முழுவதும் வீட்டில் கழிகிறது. ஒருவர் கண்டது மற்றவருக்குப் போய்ச் சேராவிட்டால், நான்கு கிழமையில் முடிய வேண்டிய காரியம் மாதக்கணக்கில் இழுபடும்.

ஒன்ராறியோவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இந்த அத்தியாயம். இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அடிபட்ட மாணவரைப் படிப்படியாக வகுப்புக்கும் விளையாட்டுக்கும் திருப்பும் கடமை ஒவ்வொரு கல்விச் சபைக்கும் எழுத்தில் உண்டு. ஆனால் நம்மவர்களில் பலர், ‘பாடசாலை பார்த்துக்கொள்ளும், நாம் ஏன் தொந்தரவு கொடுப்பான்’ என்று ஒதுங்கி நிற்கிறார்கள். இந்த விஷயத்தில் அந்த மரியாதை பிள்ளைக்குக் கூடாது.

அடிபட்ட அந்த நேரம்

மூளையதிர்வு வர மண்டை உடைய வேண்டியதில்லை. தலை நேரே மோதவும் வேண்டியதில்லை. தோளிலோ நெஞ்சிலோ பலமாக இடிபட்டு, தலை சட்டென்று உலுப்பப்பட்டாலே போதும். பெரும்பாலான பிள்ளைகள் மயங்குவதும் இல்லை. ஆகவே, ‘மயங்கவில்லைத்தானே’ என்ற ஆறுதலுக்கு இங்கே பெறுமதி இல்லை.

தலையிடி, தலைச்சுற்று, சத்தி வருவதுபோன்ற உணர்வு, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, நடையில் தள்ளாட்டம், கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொல்வது, ‘தலைக்குள்ளே பனிமூட்டம் மாதிரி இருக்கு’ என்பது, காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விளையாட்டை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அன்றைக்கு மறுபடி மைதானத்தில் இறக்கக் கூடாது. சில அறிகுறிகள் உடனே தெரியாது. சில மணித்தியாலம் கழித்தோ, அடுத்த நாளோ வரும். எனவே சந்தேகம் வந்தாலே வெளியே எடுப்பதுதான் விதி. நிச்சயம் ஆகும்வரை காத்திருப்பது ஆபத்து.

அமெரிக்காவில் 69 இளம் விளையாட்டு வீரர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அடிபட்டவுடன் வெளியே வந்தவர்கள் சராசரியாக 22 நாளில் சுகமானார்கள். தொடர்ந்து விளையாடியவர்களுக்கு 44 நாள் பிடித்தது. கடைசிப் பதினைந்து நிமிட விளையாட்டுக்காக மூன்று கிழமைப் படிப்பைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஒன்ராறியோவின் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது. ஒட்டாவாவில் பாடசாலை ரக்பி அணியின் தலைவியாக இருந்த 17 வயது ரோவன் ஸ்ரிங்கர், 2013 மே மாதம் ஓர் ஆட்டத்தில் விழுந்து, நான்கு நாளில் இறந்தாள். அதே கிழமைக்குள் அவள் ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்தாள். தலையிடிப்பதைச் சிநேகிதிகளுக்குக் குறுஞ்செய்தியில் சொல்லியிருக்கிறாள். மூளையதிர்வு பற்றி இணையத்தில் தேடியும் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குத் தெரியாது, பயிற்றுநருக்கும் தெரியாது. முதல் அடி ஆறுவதற்குள் அடுத்த அடி விழுந்தால் மூளை கடுமையாக வீங்கக்கூடும். அது அரிது, ஆனால் நடந்தால் காப்பாற்றுவது கடினம். 2015இல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகளை முன்வைத்தது. 2018இல் ரோவன் சட்டம் நிறைவேறியது. கழகங்களில் விளையாடும் 26 வயதுக்குக் குறைந்தவர்களும், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரும் வருடம் ஒருமுறை மூளையதிர்வு பற்றிய அரசின் விளக்க ஏட்டைப் படித்து உறுதிப்படுத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. பதிவுப் பத்திரத்தோடு வரும் அந்த ஏட்டைப் படிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். பிள்ளையையும் பக்கத்தில் இருத்திப் படியுங்கள். ‘உனக்கு அடிபட்டால் எனக்குச் சொல்லு, அதற்காக நான் உன்னை அணியிலிருந்து எடுக்க மாட்டேன்’ என்று அப்போதே சொல்லிவையுங்கள். அணியை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயம்தான் பிள்ளைகளின் வாயைக் கட்டுகிறது.

911ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. மயக்கம், வலிப்பு, மீண்டும் மீண்டும் சத்தி, கூடிக்கொண்டே போகும் கடுந்தலையிடி, கழுத்து நோ, இரட்டையாகத் தெரிவது, கை காலில் பலவீனம் அல்லது விறைப்பு, ஆளைத் தெரியாத குழப்பம், எழுப்பியும் எழும்பாத தூக்கம். கழுத்தில் காயம் இருக்கலாம் என்றால் பிள்ளையை அசைக்கவோ தலைக்கவசத்தைக் கழற்றவோ கூடாது. அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.

அன்றிரவு வீட்டில் பெரியவர்கள் இரண்டு காரியம் செய்ய நினைப்பார்கள். ஒன்று, நெற்றியில் சித்தாலேப பூசுவது. அது மேல்தோலில் இதமாக இருக்கலாம், உள்ளே எதையும் மாற்றாது. மணம் பிள்ளைக்குக் குமட்டினால் விட்டுவிடுங்கள். மற்றது, ‘தலையில் அடிபட்ட பிள்ளையை நித்திரை கொள்ள விடக் கூடாது’ என்று விடிய விடிய எழுப்பிக்கொண்டிருப்பது. வைத்தியர் பார்த்து, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லையென்றால் பிள்ளை தூங்கலாம், தூங்கவும் வேண்டும். வைத்தியர் தனியாக அறிவுறுத்தியிருந்தால் மட்டும் எழுப்பிப் பாருங்கள். தலையிடிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதையும் அவரிடமே கேளுங்கள். ரைலனோலையோ அட்விலையோ நாள்தோறும் கிழமைக்கணக்கில் கொடுத்தால், அந்த மருந்தே தலையிடியை உண்டாக்கக்கூடும்.

வைத்தியரிடம் எதைச் சொல்ல, எதைக் கேட்க

இங்கே பாடசாலை ஏற்றுக்கொள்ளும் உறுதிப்படுத்தல் வைத்தியரிடமிருந்து அல்லது நர்ஸ் பிரக்ரிஷனரிடமிருந்து வர வேண்டும். பக்கத்துத் தெருவில் நம்மவர் நடத்தும் பிசியோ நிலையம் எவ்வளவு கெட்டித்தனமானதாக இருந்தாலும், இந்தக் கடிதம் அவர்களுடைய வேலையில்லை. குடும்ப வைத்தியர் உடனே கிடைக்காவிட்டால் வோக்-இன் கிளினிக் போதும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 811ஐ அழைத்தால் தாதியுடன் பேசலாம். தமிழ் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம்.

பல பெற்றோர் ஸ்கான் எடுக்கவில்லையே என்று மனம் குமைகிறார்கள். சிரி ஸ்கான் பார்ப்பது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். அவற்றுக்கான சந்தேகம் இல்லாத பிள்ளைக்கு அது தேவையற்ற கதிர்வீச்சு. யாருக்கு ஸ்கான் வேண்டும் என்று தீர்மானிக்க, பெரும் எண்ணிக்கையான பிள்ளைகளை ஆராய்ந்து உருவாக்கிய விதிகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கின்றன. ‘எடுக்கவில்லை’ என்றால் கவனிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

வைத்தியருக்கு முன்னாலேயே தெரிய வேண்டியவை சில உண்டு: முன்பு மூளையதிர்வு வந்ததா, வந்திருந்தால் அது ஆற ஒரு கிழமைக்கு மேல் எடுத்ததா, பிள்ளைக்கு ஒற்றைத் தலைவலி உண்டா. ஒட்டாவாச் சிறுவர் மருத்துவமனையின் ரொஜர் செமெக் தலைமையில், கனடாவின் ஒன்பது அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 3,063 பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2016இல் வெளியானது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 28 நாள் கடந்தும் அறிகுறிகள் இருந்தன. இந்தப் பழைய வரலாறு, வயது, பெண்பிள்ளையா என்பது, தலையிடி, சத்தம் தாங்காமை, களைப்பு, பதில் சொல்லும் வேகம், சமநிலை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், யாருக்கு இழுபடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. ஊரில் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததுகூடக் கணக்கில் வரும். ‘அது பழைய கதை’ என்று மறைக்காதீர்கள்.

வெளியே வரும்போது கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். ‘ஓய்வு எடுக்கவும்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துப் பாடசாலை எதுவும் செய்ய முடியாது. எப்போது அரைநாள் போகலாம், எதைத் தவிர்க்க வேண்டும், எப்போது மறுபடி பார்ப்பார் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பாடசாலையோடு பேசுவது

பெரும்பாலான குடும்பங்களில் காரியம் பிசகுவது இங்கேதான். பெற்றோர் அலுவலகத்துக்கு அழைத்து ‘சுகமில்லை’ என்று மட்டும் பதிவார்கள். கடிதம் பிள்ளையின் பையிலேயே கிடக்கும். கணித ஆசிரியருக்கு ஒன்று தெரியும், ஜிம் ஆசிரியருக்கு வேறொன்று தெரியும், பதிலுக்கு வரும் ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு வகுப்பிலும் தன் கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டிய நிலை, ஏற்கெனவே களைத்த மூளையோடு இருக்கும் பிள்ளைக்கு வருகிறது.

ஆகவே முதல் வேலை, பாடசாலையில் பொறுப்பான ஒரே ஆளைக் கண்டுபிடிப்பது. அதிபரோ, அவர் நியமித்தவரோ இந்தத் திரும்பல் திட்டத்தை நடத்த வேண்டும். மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் சொன்னது நிற்காது. ஆங்கிலத்தில் எழுத மூத்த பிள்ளையிடம் உதவி கேட்கலாம். ஆனால் கூட்டத்தில் பேசும்போது பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள், அடிபட்ட பிள்ளையை எந்த நிலையிலும் வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பாடசாலையிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

‘மதிப்புக்குரிய அதிபருக்கு, எட்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளுக்குச் செவ்வாய்க்கிழமை ஜிம் வகுப்பில் தலையில் அடிபட்டது. வைத்தியர் மூளையதிர்வு என்று உறுதிசெய்திருக்கிறார், கடிதம் இணைத்துள்ளோம். வெள்ளிக்கிழமை தொடக்கம் அரைநாள் அனுப்ப விரும்புகிறோம். அவளுடைய திட்டத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று அறியத்தாருங்கள். அவருடன் வியாழக்கிழமை பேச வேண்டும்; தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை. அதுவரை ஜிம், இடைவேளை ஓட்டம், சோதனை எதுவும் வேண்டாம்.’

முழுதாகச் சுகமான பிறகுதான் பாடசாலை என்று நினைப்பது பழைய முறை. அதே ஒன்பது அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஆய்வுக்குச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்த மற்றோர் ஆய்வு 2023இல் வந்தது. மூன்று நாளுக்குக் குறைவாக விடுபட்டுத் திரும்பிய எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 14ஆம் நாளில் அறிகுறிகள் குறைவாகவே இருந்தன. சிநேகிதர், வழமையான நேரம், நித்திரை ஒழுங்கு எல்லாம் சேர்ந்துதான் பிள்ளையைத் தேற்றுகின்றன. ஆனால் திரும்புவது பழைய மாதிரி முழு நாளுக்கு இல்லை. முதலில் வீட்டில் இருபது, முப்பது நிமிடம் வாசிப்பு. அது தாங்கினால் அரைநாள். பிறகு முழு நாள், ஆனால் சோதனை இல்லாமல். கடைசியில்தான் வழமை.

எவ்வளவு தாங்குகிறது என்று எப்படித் தெரியும்? ஒரு கொப்பி போதும். அறிகுறியின் கடுமைக்குச் சுழியத்திலிருந்து பத்துவரை ஓர் எண், காலையில் ஒன்று, ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் ஒன்று. காலை 3. கணித வகுப்பு முடிவில் 5. அமைதியான அறையில் அரை மணித்தியாலம் இருந்த பிறகு 3. இது நல்ல நாள். 2022இல் ஆம்ஸ்ரடாமில் கூடிய சர்வதேச நிபுணர்களின் உடன்பாடு சொல்வதும் இதைத்தான்: இரண்டு புள்ளிவரை கூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் தணிந்தால் அது ஏற்கக்கூடிய அளவு, பயந்து நிறுத்த வேண்டாம். காலை 3 இருந்து 7க்கு ஏறி, வீட்டுக்கு வந்தும் இறங்காவிட்டால், அடுத்த நாள் ஒரு வகுப்பைக் குறையுங்கள். பாடசாலையையே நிறுத்தாதீர்கள். அந்தக் கொப்பி பையோடு போய்வர வேண்டும். ஆசிரியர் ஒரு வரி, நீங்கள் ஒரு வரி. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அதையே மேசையில் வையுங்கள். ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டால் ‘ஓகே’ என்று மட்டும் சொல்லும் பதினான்கு வயதுப் பிள்ளையைவிட அது கூடப் பேசும்.

வகுப்பறைக்குள் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். மின்திரையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அச்சிட்ட குறிப்பு. கூரைவிளக்குக்கு நேரே இல்லாத இருக்கை, தேவையென்றால் தொப்பி. மணி அடித்து நடைபாதை நிரம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வெளியேற அனுமதி. சாப்பாட்டு மண்டபத்துக்குப் பதிலாக நூலகத்தில் ஒரு சிநேகிதியோடு மத்தியானச் சாப்பாடு. அறிகுறி தணியும்வரை இசைக்குழுவிலிருந்து ஓய்வு. இதில் எதற்கும் செலவு இல்லை. கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்து செய்வார்கள்.

ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக நில்லுங்கள். விடுபட்ட வேலையைத் தள்ளிப்போட்டால் போதாது, குறைக்கவும் வேண்டும். உயர்தரப் பாடசாலையில் பெரும்பாலும் நாளுக்கு 75 நிமிடப்படி நான்கு பாடம். ஒரு பாடம் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். இரண்டு கிழமை விடுபட்ட பிள்ளையிடம் ‘ஆறுதலாகச் செய்’ என்று நான்கு பாடங்களின் வேலையையும் குவித்தால், சுகமாகும் நாளிலேயே அந்தப் பாரம் தலையில் விழும். எது கட்டாயம் படிக்க வேண்டியது, எதை முற்றாக விட்டுவிடலாம், எந்தச் சோதனைக்குப் பதிலாக ஒரு சிறு வேலை போதும் என்று ஒவ்வொரு ஆசிரியரிடமும் பிரித்து வாங்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பென்றால் பல்கலைக்கழக விண்ணப்பம் பற்றி வழிகாட்டல் ஆலோசகரிடம் அதே கிழமையில் பேசுங்கள்.

‘பிள்ளை கள்ளம் அடிக்கிறது’ என்று வீட்டிலும் சொல்வார்கள், பாடசாலையிலும் சிலர் நினைப்பார்கள். கட்டுப்போட்ட கால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. காலையில் சிரித்துக் கதைத்த பிள்ளை மத்தியானம் வெளிறிப்போய் மேசையில் தலை வைப்பது இந்தக் காயத்தின் இயல்பு. அந்த மாற்றத்தைக் கண்ட ஆசிரியர் அதை எழுதி அனுப்பட்டும். அதுதான் ஆதாரம்.

வீட்டில்

முதல் 24 தொடக்கம் 48 மணித்தியாலம் ஆறுதலாக இருக்க வேண்டும். இருட்டறையில் கிழமைக்கணக்கில் பூட்டி வைப்பது தவறு. அது தலையிடியையும் மனச்சோர்வையும் நீட்டிக்கும். வீட்டுக்குள் நடக்கலாம், அம்மம்மாவோடு கதைக்கலாம், மரக்கறி வெட்ட உதவலாம். இரண்டு நாள் கழிந்ததும் அறிகுறியைக் கூட்டாத அளவு நடை நல்லது. மெதுவான உடற்பயிற்சி சுகப்படுதலை விரைவாக்குகிறது என்பது இப்போது நிலைபெற்ற கருத்து.

போன் விஷயத்தில் மட்டும் முதல் இரண்டு நாள் கண்டிப்பாக இருங்கள். 12 தொடக்கம் 25 வயதுவரையான 125 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், முதல் 48 மணித்தியாலம் திரையைத் தவிர்த்தவர்களில் பாதிப்பேர் மூன்றரை நாளுக்குள் தேறினார்கள். தவிர்க்காதவர்களில் பாதிப்பேருக்கு எட்டு நாளுக்கு மேல் எடுத்தது. அதற்குப் பிறகு அளவோடு கொடுக்கலாம். சிநேகிதரிடமிருந்து முழுதாக அறுத்துவிடுவதும் பிள்ளைக்கு நோய்தான்.

நம் வீடுகளில் பாடசாலை முடிந்தாலும் நாள் முடிவதில்லை. மாலையில் ரியூசன், சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மிருதங்கமோ பரதமோ. பாடசாலையில் அரைநாள் எடுத்த பிள்ளையை மாலையில் இரண்டு மணித்தியால ரியூசனுக்கு அனுப்பினால், அந்த அரைநாளின் பலன் போய்விடும். மூளைக்கு எந்தக் கட்டடம் என்ற வேறுபாடு தெரியாது. இந்த ஆசிரியர்களுக்கும் பாடசாலைக்குக் கொடுத்த அதே கடிதத்தைக் கொடுங்கள். பரதத்தில் தட்டடவும் வேகமான சுழற்சியும் தலையை உலுப்பும். அவை விளையாட்டுக் கணக்கில் சேரும். மண்டபம் பதிந்து அழைப்பிதழ் அடித்த அரங்கேற்றமானாலும் தள்ளிவைக்கத்தான் வேண்டும். நல்ல குரு கோபிக்க மாட்டார்.

மீண்டும் மைதானத்துக்கு

படிப்பும் உடற்பயிற்சியும் சமகாலத்தில் படிப்படியாகக் கூடலாம். ஆனால் முழு நாள் வகுப்பு தாங்காத பிள்ளை போட்டியில் விளையாடக் கூடாது. நடை, பிறகு சைக்கிள் அல்லது மெல்லோட்டம், பிறகு தனியாகப் பந்துப் பயிற்சி, பிறகு மோதல் இல்லாத குழுப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதவோ விழவோ வாய்ப்புள்ள எந்தப் பயிற்சிக்கும் முன்பு வைத்தியரின் எழுத்து அனுமதி வேண்டும். இறுதியாட்டம் சனிக்கிழமை என்று பயிற்றுநர் அழைத்தாலும் உங்கள் பதில் அந்தக் கடிதம்தான். பாடசாலையில் அடிபட்டதைக் கழகத்துக்கும், கழகத்தில் அடிபட்டதைப் பாடசாலைக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்கு கிழமை கடந்தும் தலையிடி, நித்திரைக் குழப்பம், மனச்சோர்வு இருந்தால் காத்திருக்காமல் பரிந்துரை கேளுங்கள். கழுத்து, சமநிலை, பார்வை, மனநிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை உண்டு. ரொறன்ரோவின் ஹொலண்ட் புளூர்வியூ மருத்துவமனையில் பிள்ளைகளின் மூளையதிர்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், பரிந்துரை இருந்தால், அரசு பணம் கட்டும் பிசியோ நிலையங்களுக்குப் போகலாம். காப்புறுதி இல்லையென்று தயங்க வேண்டாம்.

பிள்ளைக்கு இன்னும் அடிபடவில்லை என்றால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பாடசாலை அலுவலகத்துக்கு அழைத்து, மூளையதிர்வுத் திட்டத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டு, அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.